மஞ்சள் கிளிப்

வீட்டில் ஓட்டினால் கார் தங்கம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுபோனால் மட்டும் அதற்குப் பேய் பிடித்துவிடும். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை, மூன்றாவது வளைவில் மட்டும். ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் கார் அங்கே வந்ததும் வெடுக்கென்று தலையைத் திருப்பும். ஓரத்தில் போட்டிருக்கும் ரப்பர் குழாயில் ஏறி மல்லாக்க விழுந்து, நான்கு சக்கரமும் சுற்றச் சுற்றக் கூரையைப் பார்த்துக் கிடக்கும். ஆறு வாரமாக இதே கதை.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முழங்கை நீளம்தான். பாட்டரியில் ஓடுவது, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று ஓட்டுவது. அதை ஓட்டுகிறவளுக்கு வயது நாற்பத்தேழு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். அவளுடைய தங்கை புதன்கிழமைதோறும் போனில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். "ஏன்க்கா, இன்னும் பொம்மை கார்தானா? அடுத்து சொப்பு வாங்கப்போறியா?" என்பாள். இவளும் கூடவே சிரித்து வைப்பாள். வாரத்தில் அவளுக்கு வருகிற போன் அது ஒன்றுதான். அதிலும் சண்டை போட்டால் என்ன மிஞ்சும்?

அவளுக்கு வேலை, பல்செட் செய்யும் பட்டறையில். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, கடுகளவு கடுகளவாக ராவி அனுப்புவாள். பத்தொன்பது வருடமாக இதுதான். எதிரே உள்ள அலமாரி முழுக்கத் தாடைகள், எல்லாம் வாயைத் திறந்தபடி. அத்தனை வாய் இருந்தும் ஒன்று கூடப் பேசாது. முன் அறையில் இருக்கும் முதலாளியும் பேசுகிற ஜாதி இல்லை, ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவார். திங்கள் முதல் சனி வரை அவள் குரல் அவளுக்கே மறந்துபோகும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இஸ்திரிப் பெட்டியைப் பழுது பார்க்கக் கொண்டுபோன பழைய சாமான் கடையில் அந்தக் கார் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தது. ஏன் வாங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மேலே மூடியிருந்த கூடு நொறுங்கிப் போயிருந்ததால் புதுக் கூடு வாங்கி, பச்சை வண்ணம் அடித்து, கூடத்தில் நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓட்டினாள். கடைக்காரர்தான், இதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள் என்றார்.

ஒரு அலுவலகக் கட்டடத்தின் தரைக்குக் கீழே உள்ள கார் நிறுத்துமிடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, பழைய ரப்பர் குழாய்களைத் தரையில் வளைத்துப் போட்டுப் பாதை செய்வார்கள். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு மேடையில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கவிழ்ந்த காரைத் தூக்கி நிமிர்த்தி வைப்பது அவர் வேலை, மார்ஷல் என்பார்கள். பல்செட் செய்கிறாள் என்று தெரிந்ததும் முதல் நாளே அவளுக்கு 'பல் டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, இல்லை என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். உள்ளே நுழைந்ததும் "வாங்க டாக்டர்!" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டே பல் ராவுவாள்.

கூட்டத்தை நடத்துகிறவர் பூட்டுச் சாவிக் கடை வைத்திருப்பவர், எல்லோருக்கும் 'சாவிக்காரர்'. மூக்கின் மேல் கோபம். அவர் போட்ட சட்டங்களில் முதல் சட்டம் கிளிப். நுழைவாசலில் ஒரு பலகை, அதில் ஆறு நிறத்தில் ஆறு துணிக் கிளிப். பழைய மாதிரி ரிமோட்டுகளுக்குள் கிரிஸ்டல் என்று விரல் நுனி அளவு ஒரு உலோகத் துண்டு இருக்கும். அதன் நிறம்தான் அந்த ரிமோட் எந்தச் சேனலில் பேசுகிறது என்பதற்கு அடையாளம். ஒரே நிறத்தில் இரண்டு பேர் ரிமோட்டைப் போட்டால் ஒருவர் காரை இன்னொருவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் உங்கள் நிறத்துக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொள்ளாமல் ரிமோட்டில் கை வைக்கக் கூடாது. ஒரு மருந்துக் கடைக்காரர் ஒருமுறை மறந்துபோய் வைத்துவிட்டார். அன்றோடு சரி, அந்தப் பக்கமே வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். கெஞ்சியும் நடக்கவில்லை.

அவளுடையது மஞ்சள். புது மாதிரி ரிமோட்டுகளுக்குக் கிரிஸ்டலும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம்; பழைய மாதிரியில் இப்போது மிச்சம் இருப்பவர்கள் நாலே பேர். மஞ்சளுக்கு அவளைத் தவிர ஆளே கிடையாது.

இந்தக் கார்களுக்கு வருகிற நோயைத் 'துடிப்பு' என்பார்கள். மோட்டாருக்குள் கார்பன் உரசும்போது பொறி பறக்கும். பக்கத்தில் மிக்சி ஓடினால் அடுத்த அறையில் இருந்து பேசுகிறவர் சொல்வது காதில் தப்பும் தவறுமாக விழுமே, அந்த மாதிரி அந்தப் பொறியின் இரைச்சலில் காரில் இருக்கும் ரிசீவர் குழம்பிவிடும். ரிமோட் சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொண்டு சக்கரத்தை ஆட்டும்.

முதல் வாரம் அவள் மோட்டாரில் அந்த இரைச்சலை அடக்குவதற்கென்று இருந்த பழைய கண்டன்சர்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக மூன்று வைத்தாள். இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உடம்புக்கு ஒவ்வொன்று. பல் பதிக்கிற கை அல்லவா, ஈயம் பொட்டு வைத்த மாதிரி உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வளைவில் கார் கவிழ்ந்தது. இரண்டாம் வாரம் கார்பனை மாற்றினாள். கவிழ்ந்தது. ரிசீவரிலிருந்து வரும் ஏரியல் கம்பி மோட்டார் கம்பிக்குப் பக்கத்திலேயே ஓடுவதைப் பார்த்து, அதை மறுபக்கம் கொண்டுபோய் ஒரு உறிஞ்சுகுழலுக்குள் நுழைத்து நிமிர்த்தி நிற்கவைத்தாள். மோட்டார் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினாள். இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்திலெல்லாம் பிளாஸ்டிக் வளையம் போட்டாள். மோட்டார் இழுக்கும்போது பாட்டரி தளர்ந்து ரிசீவர் மயங்குகிறதோ என்று ரிசீவருக்குத் தனியாக ஒரு பாட்டரி வைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கார் தன் பாட்டுக்குக் கவிழ்ந்துகொண்டே இருந்தது.

ஐந்தாவது வாரம்தான் வினை வந்தது. மூன்றாவது வளைவில் தலையைத் திருப்பிய கார் அன்றைக்குக் குழாயைத் தாண்டிப் பறந்து, பிளாஸ்கில் டீ கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்த சாவிக்காரர் மனைவியின் கணுக்காலில் போய் இடித்தது. ரத்தம் வந்துவிட்டது. அந்த அம்மாள் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றுதான் சொன்னாள். சாவிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"டாக்டர், உங்களுக்கு இன்னும் ரெண்டு வாரம் டைம். அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்கன்னா சரி. இல்லைன்னா வண்டியை எடுத்துட்டு இங்க வராதீங்க."

"வண்டி இல்லாம வரலாமா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பாவமாக இருந்தது என்று அவளுக்கே பட்டது.

"வண்டி இல்லாம இங்க வந்து என்ன பண்ணப்போறீங்க?" என்றார் அவர்.

ஆறாவது வாரமும் கவிழ்ந்தது. இப்போது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி.

காரில் பழுது இல்லையென்றால் இடத்தில்தான் பழுது இருக்க வேண்டும். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு கையடக்க ரேடியோவோடு அந்தக் கட்டடத்துக்குப் போனாள். காவல்காரரிடம் காது ஜிமிக்கி தொலைந்துவிட்டதென்று ஒரு பொய். ரேடியோவை எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் வைத்து, மூன்றாவது வளைவு வருகிற தூணைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சுவருக்குள் ஒயர் ஏதாவது பொறி விட்டால் ரேடியோவில் 'டர்ர்' என்று கேட்கும். லிப்ட் பக்கத்தில் லேசாகக் கேட்டது, டியூப் லைட்டுக்கு அடியில் கொஞ்சம் கேட்டது. தூண் பக்கத்தில் சுத்தமாக ஒன்றுமில்லை. சத்தமே இல்லாத இடத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிற தன்னைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பட்டறைக்குத் திரும்பிப் போய், ராவ வேண்டிய பல்லை ராவினாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. அவள் முறை மூன்றாவது பந்தயத்தில். முதல் பந்தயத்தில் மற்றவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் கிளிப் எடுக்கவில்லை, ரிமோட் பைக்குள் அணைந்து கிடந்தது. காரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது வளைவுத் தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். மோட்டார் கம்பியைக் கழற்றிவிட்டு ரிசீவருக்கு மட்டும் உயிர் கொடுத்தாள். மோட்டாரே ஓடாதபோதும் துடித்தால் குற்றவாளி வெளியே இருக்கிறான் என்று அர்த்தம். இந்தச் சோதனையை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். சொந்த வேலையில்தான் குறை இருக்கும் என்று தேடிப் பழகியவர்களுக்கு வெளியே பார்க்கத் தோன்றாது.

முன்சக்கரங்கள் திரும்பின.

அவள் எதிர்பார்த்தது வேறு. இரைச்சல் என்றால் சக்கரம் குளிரில் நடுங்குவதுபோல வெடவெடவென்று ஆட வேண்டும். இது அப்படி இல்லை. நிதானமாக வலது பக்கம் திரும்பியது. நேரானது. நீளமாக நேராகவே இருந்தது. லேசாக இடது, லேசாக வலது, மறுபடி நேர், பிறகு முழுசாக இடது. அந்தப் பாதை அவளுக்கு மனப்பாடம். முதல் வளைவு, நீளப் பாதை, இரண்டு நெளிவு, மூன்றாவது வளைவு. இந்தச் சக்கரம் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டிருந்தது. அவளைவிட நன்றாகவே ஓட்டியது, வளைவுக்கு ஒரு கணம் முன்னதாகவே திரும்பியது. இது இரைச்சல் இல்லை, ஒரு ஆளின் கை.

மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தாள்.

மூன்றாவது வளைவின் மார்ஷல் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். 'டிரைவர்' என்பார்கள் அவரை. முன்பு பஸ் ஓட்டியவர், ஐம்பதைத் தாண்டியிருக்காது. ஆறு வாரமாக அவள் காரைத் தூக்கி நிமிர்த்தி வைத்து, மேடையில் நிற்கிற அவளுக்கு ஒரு கையை உயர்த்திக் காட்டுகிறவர் அவர்தான். மடியில் துணிப்பை. இரண்டு கையும் பைக்குள். ஓடிக்கொண்டிருந்த கார்களில் முதலாவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வளைவில் திரும்பும்போது அவர் உடம்பும் சாய்ந்தது, பைக்குள் மணிக்கட்டு திரும்பியது, இங்கே அவள் மடிக்கு முன்னால் சக்கரம் திரும்பியது. தனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த அவளை அவர் பார்க்கவில்லை.

அவளுக்குக் கோபம் வந்த வேகத்தில் காது அடைத்துக்கொண்டது. அடிமடியில் கை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கையை வேறு உயர்த்திக் காட்டியிருக்கிறார். நேராகப் போய் அந்தப் பையைப் பிடுங்கி, எல்லோர் நடுவிலும் தூக்கிக் காட்டினால் முடிந்தது வேலை. கிளிப் எடுக்காமல் ரிமோட்டைப் போட்டவருக்கு என்ன தண்டனை என்று ஊருக்கே தெரியும். எழுந்தும்விட்டாள்.

எழுந்தபோது அவர் முகம் தெரிந்தது. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. கண் விரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, சுற்றியுள்ள யாரையும் தெரியாத முகம். தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓட்டும்போது தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தோன்றியது. கோபம் குறைந்துவிடவில்லை. கால்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

சாவிக்காரரிடம் போனாள். "வேற நிறத்துல ஒரு ஜோடி கிரிஸ்டல் இருக்குமா?"

"எதுக்கு? என்னாச்சு?"

ஒரு கணம் யோசித்தாள். "கோளாறு தெரிஞ்சிருச்சுங்க. ரிசீவர்ல கிரிஸ்டல் உக்கார்ற இடத்துல நான் வச்ச சால்டரிங் விட்டிருக்கு. குலுங்கிக் குலுங்கிக் கிரிஸ்டலும் போச்சு. ஈயம் வச்சுட்டேன். கிரிஸ்டல்தான் வேணும்."

சாவிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கட்டடமே அதிர்கிற மாதிரிச் சிரித்தார். "கேட்டீங்களாடா, டாக்டர் கட்டின பல்லே ஆடிருச்சாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வளைவு வரைக்கும் கேட்டிருக்கும். அவள் வைத்த ஈயம் இன்றுவரை விட்டதில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் செய்த பல்செட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே பெருமையை எடுத்து நடுக்கூட்டத்தில் போட்டு மிதிக்கக் கொடுத்துவிட்டு, நீலக் கிரிஸ்டல் ஜோடியை வாங்கிக்கொண்டாள். ஒன்று ரிமோட்டுக்கு, ஒன்று காருக்கு. பலகையில் நீலக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டினாள்.

மூன்றாவது பந்தயத்தில் கார் வெண்ணெயாக ஓடியது. மூன்றாவது வளைவில் முதல் தடவை போகும்போது அவர் கை பைக்குள் திரும்புவது மேடையிலிருந்தே தெரிந்தது. இரண்டாவது தடவையும் திரும்பியது, இன்னும் வேகமாக. மூன்றாவது தடவை அந்தக் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் இரண்டு கையையும் பையிலிருந்து வெளியே எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். ஏழு பேரில் அவள் நாலாவதாக வந்தாள். "சரி டாக்டர், பொழைச்சீங்க. அடுத்த வாரம் வாங்க," என்றார் சாவிக்காரர்.

எல்லோரும் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவள் மூன்றாவது வளைவுக்குப் போனாள். அவர் எழுந்து நின்றார்.

"சேனல் மாத்திட்டீங்க," என்றார்.

"மாத்த வச்சுட்டீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "முதல் ரெண்டு வாரம் சத்தியமா தெரியாதுங்க. ஏரியலை வெளிய இழுக்கலை, எங்கயும் போய்ச் சேராதுன்னு நினைச்சேன். சும்மா கைக்கு ஒரு வேலை. அப்புறம் பாத்தா, நான் திருப்புனா வண்டியும் திரும்புது. அதுக்கு மேல விட முடியலை."

"அந்தம்மா கால்ல ரத்தம் வந்துச்சே!"

"வந்துச்சு."

"அதுக்கு அடுத்த வாரமும் கொண்டாந்தீங்களே?"

"கொண்டாந்தேன்."

ஒரு சாக்குப்போக்குச் சொன்னால்கூட நாலு வார்த்தை திட்டலாம். மனிதர் எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்கிறார். "எனக்கு வாரத்துல இந்த ஒரு நாள்தாங்க நாளு. இங்க வந்தாத்தான் என்னைப் பாத்து வாங்கன்னு சொல்ல ஆள் இருக்கு. அதையும் பிடுங்கப் பாத்தீங்களே."

"எனக்கும் அப்படித்தாங்க," என்றார் அவர் மெதுவாக. பிறகு, "அது என் வண்டி," என்றார்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அடியில பாருங்க, இடதுபக்கம் ஒரு திருகு மட்டும் பித்தளை. நான் போட்டது. இதுக்கெல்லாம் முன்னாடி, நீங்களா ஒரு தடவை கவுத்து நான் தூக்கினப்பவே கண்டுபிடிச்சுட்டேன். இடது கண்ணு போயிருச்சுன்னு பஸ் லைசென்ஸை வாங்கிட்டாங்க. அது நியாயம். சரி, இதையாவது ஓட்டுவோம்னு பாத்தேன். போய்ப் போய்ச் சுவத்துலயே முட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. வித்துட்டேன். ரிமோட்டு ரெண்டு இருந்துச்சு. கடைக்காரர்கிட்ட ஒண்ணைத்தான் குடுத்தேன்."

பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். அதன் முதுகைத் திறந்து, மஞ்சள் கிரிஸ்டலை நகத்தால் நெம்பி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

அவள் வாங்கிக்கொண்டாள். திரும்பிப் போக இரண்டு அடி எடுத்து வைத்தவளை அவர் கூப்பிட்டார்.

"ஏங்க, உங்க சால்டரிங் விட்டிருச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

"அது விடாதுங்க. ஒவ்வொரு தடவை தூக்குறப்பவும் பாப்பேன். மோட்டார்ல அந்த மூணு கண்டன்சரையும் என்ன அழகா உக்கார வச்சிருக்கீங்க! நான் வச்சிருந்தப்ப எச்சில் துப்புன மாதிரி இருக்கும். முதல்ல பாத்த அன்னைக்கு வீட்டுக்குப் போயும் அதையே நினைச்சுட்டு இருந்தேன்."

அவள் செய்கிற பல் வேறு யாரோ வாயில் போய் மறைந்துவிடும். நன்றாகச் செய்தால், செய்தது என்றே யாருக்கும் தெரியாது, அதுதான் அந்த வேலையின் லட்சணம். அவள் கை வேலையை உட்கார்ந்து பார்த்து, அழகு என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதையும் இந்த மனிதரிடமா கேட்க வேண்டும்? கண் நிறைந்துவிட்டது, அதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது. கிரிஸ்டலைக் கைக்குள் மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரம் நீளமாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காரை மேஜைமேல் வைப்பாள். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கார் நன்றாக இருந்தது. ஆறு வாரமாக வந்ததும் வராததுமாக விளக்கைப் போட்டு, ஈயக் கம்பியைச் சூடாக்கி, இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பழுதுதான் துணைக்கு இருந்திருக்கிறது. அது தெரியாமல் அதை ஒழிக்கப் பாடுபட்டிருக்கிறாள்.

புதன்கிழமை தங்கை கேட்டாள். "என்னக்கா, வண்டி சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு."

"அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"சளி," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நுழைந்ததும் "வாங்க டாக்டர்!" என்றார்கள். வழக்கமான சந்தோஷம் வந்தது, ஆனால் கண் மூன்றாவது வளைவுக்குப் போனது. பெட்டி காலியாக இருந்தது. அவர் வர மாட்டார் என்று நினைத்தாள். வராமல் இருப்பதுதான் அவருக்கும் மரியாதை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அது தேறவில்லை. முதல் பந்தயம் தொடங்குகிற நேரத்தில் படியில் இறங்கி வந்தார். கையில் பை இல்லை. யாரையும் பார்க்காமல் போய்ப் பெட்டியில் உட்கார்ந்து, கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்த கை.

அவள் நீலக் கிளிப்பை மாட்டிக்கொண்டு மேடை ஏறினாள். கார் அன்றைக்கு அவள் சொன்னதை மட்டுமே கேட்டது. நாலாவது சுற்றில் இரண்டாவது இடத்தில் இருந்தாள். இவ்வளவு முன்னால் அவள் போனதே இல்லை. சாவிக்காரர்கூட "போடுங்க டாக்டர்!" என்று கத்தினார். ஒவ்வொரு தடவை அவள் கார் மூன்றாவது வளைவுக்கு வரும்போதும் டிரைவர் பெட்டியிலிருந்து லேசாக முன்னால் குனிவார். கார் சுத்தமாகத் திரும்பிப் போய்விடும். அவர் மறுபடி பின்னால் சாய்ந்துகொள்வார். அந்த வளைவில் அன்றைக்கு ஒரு காரும் கவிழவில்லை. ஒருவரும் அவரைப் பார்க்கவும் இல்லை.

ஐந்தாவது தடவை அவள் திருப்பவில்லை. விரலை ரிமோட்டின் சக்கரத்தில் அப்படியே வைத்திருந்தாள். கார் நேராகப் போய்க் குழாயில் ஏறி மல்லாந்து விழுந்தது.

"என்ன டாக்டர், மறுபடியும் துடிப்பா?" என்று சாவிக்காரர் பதறினார்.

"இல்லைங்க, நான்தான் திருப்பலை."

கார் விழுந்து நிற்பதற்குள் அவர் எழுந்துவிட்டிருந்தார். குனிந்து இரண்டு கையாலும் தூக்கினார். மண்ணைத் துடைத்தார். திருப்பிப் பின்பக்கம் மோட்டாரில் இருந்த ஈயப் பொட்டுகளைப் பார்த்தார், நல்ல கண் பக்கமாகக் கொண்டுபோய்க் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு கார்கள் அவளைத் தாண்டிப் போயின, மூன்றாவதும் போனது. அவர் இன்னும் காரைக் கீழே வைக்கவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.